பால் பைத்தானுக்கு மூச்சில் 'டிக் டிக்' சத்தம்: சட்டை உரிப்பா, ஆர்ஐ-யா (சுவாசத் தொற்றா)?

ரீஜியஸ் கோவை

பெண் பால் பைத்தான் (ball python, மலைப்பாம்பு வகை), 3 வயசு, இன்னைக்குக் காலை எடை 1,240 கிராம். பரிவேஷ் பதிவு (வெளிநாட்டு உயிரினம் வளர்க்க அரசு தளத்துல செய்யுறது) இருக்குங்க. நாலு நாளா மூச்சு விடும்போது 'டிக் டிக்'னு சத்தம் வருது. சட்டை உரிச்சு ஆறு நாள் ஆச்சு, ஒரே துண்டா வரலை. நேத்து எலி வெச்சேன், திரும்பிக்கூடப் பார்க்கலை. கண்ணாடியில எச்சில் காய்ஞ்ச மாதிரி ஒரு தடம் இருக்கு.

4 அடி மரத் தொட்டி, ஹீட் மேட், தெர்மோஸ்டாட் 32-ல. மேல மூணு அங்குலம் கோகோபீட். ஈரப்பதம் 80 காட்டுது. இங்க இப்போ ராத்திரி 18, 19 டிகிரி. மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கி வாயில விடலாமா? இல்ல ஈரப்பதத்தைக் குறைச்சாலே போதுமா?

செதிலன்

சிரப்பை வாயில் விடவே வேண்டாம். பாம்பின் மூச்சுத் துளை நம்முடையதுபோல் தொண்டைக்குள் ஒளிந்திருக்காது. கீழ்த்தாடையின் நடுவில், வாயைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் இருக்கும். ஊற்றுவது சிரப்போ துளசிச் சாறோ தேனோ, நேரே நுரையீரலுக்குள் இறங்கலாம். அதோடு பாம்புக்கு உதரவிதானம் கிடையாது. இருமி வெளியே தள்ள முடியாது, உள்ளே போனது அங்கேயே தங்கும். பால் பைத்தான் என்ற பெயரைப் பார்த்துவிட்டுப் பால் வார்க்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் பக்கத்தில் விடாதீர்கள்.

உரித்த சட்டை இன்னும் இருந்தால் தலைப் பகுதியை விரித்து, மூக்கு நுனி அதில் வந்திருக்கிறதா பாருங்கள். வரவில்லை என்றால் தோல் துளையில் ஒட்டியிருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பட்ஸால் ஒற்றி, ஈரத் துணிப் பையில் அரை மணி நேரம் வைத்தால் வந்துவிடும். தோல் அடைப்பில் வருவது வறண்ட விசில் சத்தம். தொற்றில் வருவது ஈரமான சத்தம், எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி. கையில் எடுத்தால் பயத்தில் சீறும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரவில் பதுங்கு பெட்டியில் அசையாமல் கிடக்கும்போது கேளுங்கள்.

ஆனால் கண்ணாடியில் எச்சில் தடம் என்கிறீர்களே, அதற்குச் சட்டை உரிப்பு பதில் சொல்லாது.

ஒரே ஒரு முறை வாயைப் பாருங்கள். ஒருவர் தலைக்குப் பின்னால் பிடிக்க, இன்னொருவர் பழைய ஏடிஎம் அட்டையின் முனையைப் பக்கவாட்டில் மெல்ல நுழைக்க வேண்டும். வெளிர் இளஞ்சிவப்பு, மெல்லிய ஈரம் என்றால் சரி. நூல் நூலாக இழுக்கும் சளி, மூச்சுத் துளையில் குமிழி, ஈறில் செம்புள்ளி, பனீர்த் துண்டு மாதிரி மஞ்சள் கட்டி இருந்தால் தொற்று. ஊர்வனவற்றின் சீழ் வழியாது, இப்படிக் கட்டியாகத்தான் இருக்கும். வாயைத் திறந்தபடி மூச்சு விட்டாலோ, தலையை மேலே தூக்கி வைத்தே கிடந்தாலோ இந்தப் பரிசோதனையும் வேண்டாம், அன்றைக்கே டாக்டர்.

வெப்பமானி

தெர்மோஸ்டாட் ப்ரோப் (சூட்டை அளக்கும் முனை) எங்கே ஒட்டியிருக்கிறது? மேட்டின் மேலேயே என்றால் அந்த 32 மேட்டின் சூடு. மூணு அங்குலக் கோகோபீட்டுக்கு மேலே படுக்கும் பாம்புக்கு அது போய்ச் சேராது. சேர்ந்தாலும் வயிறுதான் சூடாகும், இழுக்கும் காற்று அறையின் 19-20 டிகிரிதான். குளிரில் பாம்பின் நோய் எதிர்ப்பு மந்தமாகும். அதனுடன் 80 ஈரப்பதமும் சேர்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

இன்றிரவே செய்ய வேண்டியது: கோகோபீட்டை முழுதாக எடுத்துவிட்டுச் செய்தித்தாள் விரியுங்கள். சளி விழுந்தாலும் அதில் தெரியும். 100 வாட் செராமிக் பல்பைக் (வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தருவது) கம்பிக்கூண்டுக்குள் மாட்டி தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள். கூண்டில்லாமல் மாட்டினால் பல்பைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும். சூடான பக்கம் 32-33, குளிர்ந்த பக்கம் 27-28. குணமாகும்வரை இரவிலும் இறக்காதீர்கள். அளவு எடுக்கும் இடம் பாம்பின் முதுகு உயரம். கரண்ட் போனால் தாங்க இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

ஈரப்பதத்தை ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது, சளி இறுகிப்போகும். டிஜிட்டல் மீட்டரில் 55-65. முள் வைத்த மீட்டரைத் தூக்கிப் போடுங்கள்.

அந்த அறையில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவர்த்தி, லிக்விட் எல்லாம் நிறுத்துங்கள்.

ரீஜியஸ் கோவை

பார்த்துட்டேங்க. ப்ரோப் மேட்டு மேலதான் இருந்துச்சு. மேற்பரப்பு 25, காத்து 20.5! வாயில நூல் மாதிரி சளி. எக்ஸோட்டிக் டாக்டர்கிட்ட (பாம்பு மாதிரி உயிரினங்களைப் பார்க்குற கால்நடை டாக்டர்) போனோம், ஸ்வாப் (பஞ்சுக் குச்சியில சளி மாதிரி) எடுத்துட்டு செஃப்டாசிடைம்னு ஆன்டிபயாட்டிக் ஊசி எழுதினார். 250 மி.கி. குப்பி, கிலோவுக்கு 20 மி.கி., 72 மணிக்கு ஒருக்கா, மொத்தம் 7 ஊசி. முதல் ஊசி அவரே போட்டார், மீதி வீட்டுல. இன்சுலின் சிரிஞ்சில எத்தனை கோடு இழுக்கணும்னு குழப்பமா இருக்கு.

மருந்துக் கணக்கு

முதல் ஊசிக்கு முன்பே ஸ்வாப் எடுத்தது நல்லது. மருந்து உள்ளே போன பிறகு கல்ச்சரில் (ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளராமல் போகலாம்.

1.24 கிலோ × 20 = 24.8 மி.கி. 250 மி.கி. குப்பியில் ஊசி நீர் 2.5 மி.லி. விட்டால் தூளும் சேர்ந்து சுமார் 2.7 மி.லி. ஆகும், அதாவது மி.லி.-க்கு ஏறத்தாழ 90 மி.கி. உங்கள் அளவு 0.275 மி.லி. நம் ஊர்க் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது யு-40 சிரிஞ்சு, அதில் 40 கோடுதான் 1 மி.லி. ஆக 11 கோடு. யு-100 சிரிஞ்சில் இதே அளவு 27-28 கோடு. யு-40-ல் போய் 28 இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். சிரிஞ்சு உறையைப் படித்துவிட்டு இழுங்கள், ஒருமுறை டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

நீர் விட்டதும் வாயு கிளம்பிக் குப்பிக்குள் அழுத்தம் ஏறும். நுரை அடங்கியபின் உறிஞ்சுங்கள். மீதி ஆறு ஊசியையும் அன்றே தனித்தனி சிரிஞ்சில் நிரப்பி, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டியபோது ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருக்கினால் போதும். மைக்ரோவேவ் கூடாது, உருகியதைத் திரும்ப உறையவைக்கவும் கூடாது.

போடும் இடம் உடலின் முன் மூன்றில் ஒரு பங்கு, முதுகெலும்புக்குப் பக்கத்துச் சதை. செதிலைத் துளைக்காமல் இரண்டு செதிலுக்கு நடுவே சாய்வாக. இடம், வலம் மாற்றி மாற்றி. பின்பாதி ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போவதால் அங்கே போட்ட மருந்து வேலை செய்யுமுன் வெளியேறிவிடலாம். 72 மணி என்ற கணக்கு 30 டிகிரியில் இருந்த பாம்புகளை வைத்து வந்தது. தொட்டி குளிர்ந்தால் அந்தக் கணக்கும் மாறும்.

7 ஊசி முடிய 18 நாள். மூன்றாவதிலேயே சத்தம் நின்றுவிடும் பல பாம்புகளுக்கு. அங்கே நிறுத்துவதுதான் பெரிய தவறு. கல்ச்சர் பார்த்து என்ரோஃப்ளாக்சசின் என்ற வேறு ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றினால் ஊசி போட்ட இடம் கறுத்துப் புண்ணாகலாம். அமிகாசின் என்றால் சிறுநீரகத்துக்காக நீர்ச்சத்தும் ஏற்ற வேண்டும்.

மழைக்கால உடும்பு

நெபுலைசர் பற்றி யாரும் சொல்லவில்லை. 0.9% சலைன் 4 மி.லி., ஓட்டை போட்ட 15 லிட்டர் டப்பா, காலையும் மாலையும் 15 நிமிடம். இறுகிய சளி இளகும். விக்ஸ், யூகலிப்டஸ் ஒரு துளிகூட வேண்டாம்.

மருந்துக் கணக்கு

சரிதான், ஆனால் ஊசிக்குத் துணையாக மட்டும். நெபுலைசர் கப்பைத் தினமும் கொதிநீரில் கழுவிக் காயவைக்காவிட்டால் அதிலேயே சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து, அதையே பாம்புக்குப் புகையாக அனுப்புவீர்கள். டப்பாவுக்குள்ளும் 28-க்குக் குறையக் கூடாது.

செதிலன்

மூச்சு சீராகும்வரை எலி வேண்டாம். பிறகு வழக்கத்தில் பாதி அளவு எலி. வாரம் ஒருமுறை எடை போட்டு, 1,120-க்குக் கீழே இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். செதில் இடுக்கிலும் கண்ணோரத்திலும் கறுப்புப் பேன் இருக்கிறதா பாருங்கள், அதுவும் கிருமியைச் சுமக்கும்.

வேறு பாம்பு இருக்கிறதா? இருந்தால் இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் தனி, இதைக் கடைசியாகத் தொடுங்கள். இரண்டு கோர்ஸ் முடிந்தும் சளி நிற்காவிட்டால் வாய் ஸ்வாபில் நிடோவைரஸ் பிசிஆர் (அந்த வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் மரபணுச் சோதனை) கேளுங்கள். 2014-ல் பால் பைத்தான்களில் விவரிக்கப்பட்டது அது. ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது.

ரீஜியஸ் கோவை

ஒரு கார்ன் ஸ்நேக் இருக்குங்க, அதே அலமாரியில மேல் தட்டு. இப்பவே வேற ரூமுக்கு மாத்துறேன். சிரிஞ்சு உறையைப் பார்த்தேன், யு-40 தான். 11 கோடு.