பார்ட்டிக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

சேலத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளி காலை வகுப்புக்கு இரண்டு பக்கக் கைத்தாள் ஒன்று தயாரிக்கிறேன். கணினி விளையாட்டு வடிவமைப்பு, விருப்பப் பாடம். பாதிப் பிள்ளைகள் பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. எடுத்துக்காட்டாக 1998இல் கனடாவின் பயோவேர் நிறுவனம் செய்த பால்டர்ஸ் கேட் என்ற விளையாட்டை வைத்திருக்கிறேன். மந்திரம், கவசம், அனுபவப் புள்ளி எல்லாம் எழுதியாயிற்று. பார்ட்டியில் மாட்டிக்கொண்டேன்.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கம். கேண்டில்கீப் என்ற கோட்டை நூலகத்தில் வளர்ந்த பிள்ளை நாம். ஊரைவிட்டு வெளியேறும் இரவிலேயே வளர்ப்புத் தந்தை கோரியன் கொல்லப்படுகிறார். அப்புறம் வழியில் சந்திப்பவர்கள் ஒவ்வொருவராக நம்மோடு சேர்கிறார்கள். நம்மையும் சேர்த்து ஆறு பேர் வரை. சண்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, ஆறு பேருக்கும் தனித்தனியாக ஆணையிட்டு, மறுபடி ஓடவிடலாம். இந்த ஆறு பேர்தான் பார்ட்டி.

சொல் சரியா என்று பார்க்க ஒரு வாக்கியமும் தருகிறேன். ஓரிருவர் மட்டும் எல்லைக்கு வந்து, மற்றவர்கள் பின்தங்கியிருந்தால் விளையாட்டு வழிவிடாது. 'பார்ட்டி முழுக்கக் கூடினால்தான் புறப்படலாம்' என்று சொல்லிவிடும். உங்கள் சொல்லை இதில் பொருத்திப் பாருங்கள்.

பெங்களூரிலிருந்து:

குழு. இதற்கு ஓர் இழை வேண்டுமா சார்?

சேலத்திலிருந்து:

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது தம்பி. ஆனால் அதே பக்கத்தில் கோபோல்டு என்ற குட்டி அரக்கர்கள் கூட்டமாக வருகிறார்கள், அவர்களும் குழு. அயர்ன் த்ரோன் என்ற வணிகர் அமைப்பும் குழு. மாணவர்களிடம் குழு என்று சொன்னாலே கை வாட்ஸப்பைத் தேடுகிறது.

மதுரையிலிருந்து:

கட்சி என்று வைக்கலாமே. சடுகுடு ஆடும்போது 'நீ எங்க கட்சி' என்றுதானே சொல்வோம்? வக்கீலிடம் போகிறவரும் கட்சிக்காரர்தான். கட்சிக்குப் பழைய தமிழில் காடு, புகலிடம் என்றும் பொருள் உண்டு. புறநானூறு 202இல் கபிலர், வேட்டுவர் துரத்த ஒதுங்க இடம் கிடைக்காமல் ஓடும் காட்டு விலங்கை 'கட்சி காணாக் கடமா நல்லேறு' என்கிறார். முதல் இரவில் கோட்டையை இழந்து காட்டில் நிற்கும் அந்தப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

பெங்களூரிலிருந்து:

'கட்சி முழுக்கக் கூடினால்தான் புறப்படலாம்.' மாநாட்டுக்கு லாரி சொல்லியாச்சா அண்ணே?

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், இந்த விளையாட்டில் கட்சித்தாவல் நிஜமாகவே உண்டு. நாம் நல்ல பெயர் எடுத்தால் கெட்டவர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள், பெயர் கெட்டால் நல்லவர்கள் போய்விடுவார்கள். மின்ஸ்க் என்ற முரடன், தன் தோழி டைனஹீரை மீட்கப் போகாமல் காலம் கடத்தினால் பொறுக்கமாட்டான். எட்வின் என்ற மந்திரவாதி நம்மோடு சேரவேண்டுமென்றால் அதே டைனஹீரைக் கொல்லச் சொல்வான். இரண்டையும் ஒருசேர முடிக்கவே முடியாது.

டொரோண்டோவிலிருந்து:

யாழ்ப்பாணத்தில் இதற்குச் சொல் இருக்கிறது: கன்னை. சின்ன வயதில் கன்னை பிரித்துத்தான் விளையாடுவோம். எவரும் பேராசிரியரிடம் கேட்டு வைத்த சொல் இல்லை, பிள்ளைகள் வாயில் இருந்த சொல். அகராதியிலும் இருக்கிறது. தமிழ்நாட்டார் ஒருமுறையாவது எங்கள் சொல் ஒன்றை எடுத்தால் என்ன?

சேலத்திலிருந்து:

அக்கா, கன்னை அழகான சொல், நான் இன்றுதான் கேட்கிறேன். ஆனால் கன்னை பிரிக்கும்போது எதிர்க்கன்னை ஒன்று வந்துவிடுகிறது. அணியிலும் அதே சிக்கல், எதிரணி இல்லாமல் அணி இல்லை. இந்த ஆறு பேருக்கு எதிரே நிலையான ஓர் அணி கிடையாது. சேர்ந்து நடக்கிறார்கள், அவ்வளவுதான். சண்டையே பல நேரம் உள்ளேதான். ஸார், மாண்டரான் என்ற இரு கெட்டவர்களையும் காலித், ஜஹீரா என்ற தம்பதியோடு சேர்த்து வைத்துக்கொண்டால் ஒருநாள் தங்களுக்குள்ளேயே ஆயுதம் எடுத்துவிடுவார்கள். எனக்கு வேண்டியது 'பக்கம்' என்று பொருள்படும் சொல் அல்ல, 'கூட வருபவர்கள்' என்று பொருள்படும் சொல்.

மதுரையிலிருந்து:

அப்படியானால் சாத்து! சேர்ந்து வழிநடக்கும் வணிகர் கூட்டம். பெரும்பாணாற்றுப்படையில் மிளகுச் சுமையோடு 'கழுதைச் சாத்தொடு வழங்கும் உல்குடைப் பெருவழி' வருகிறது. சுங்கம் வாங்கும் பெருவழி, கவலைகளில் வில்லோடு காவல். (கவலை என்றால் வழி பிரியும் இடம், மனக்கவலை இல்லை தம்பி.) பால்டர்ஸ் கேட்டிலும் கதை இதுதானே? நாஷ்கெல் சுரங்கத்து இரும்பு கெட்டுப்போகிறது, வாள் கையிலேயே ஒடிகிறது, வழிப்பறிக்காரர்கள் இரும்பு வண்டிகளை மடக்குகிறார்கள். சாத்து போகும் வழியில் என்ன நடக்குமோ அத்தனையும் இருக்கிறது. கோவலனின் தகப்பன் மாசாத்துவான் பெயரே இதிலிருந்து வந்தது. ஐயனாரைச் சாத்தன் என்பதும் வணிகரோடு வழிநடந்த தெய்வம் என்பதால்தான் என்பது என் கட்சி.

தஞ்சையிலிருந்து:

பெயரீடு நன்று. ஆனால் சாத்து வடமொழி 'சார்த்த'த்தின் வழி வந்தது. தூய சொல் இருக்கையில் இரவல் எதற்கு? பல ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் நடத்தியவன் என்ற முறையில் என் முன்மொழிவு: ஆயம்.

ஆயம் என்றால் உடன் திரியும் தோழியர் கூட்டம் என்று அகப்பாடல் படித்தோர் அறிவர். எண்பேராயத்தில் அதுவே அரசனைச் சூழ்ந்தோர் கூட்டம். இனித்தான் சுவை. நீங்கள் பேசும் விளையாட்டு பகடையால் நடப்பது என்று என் பேரன் சொன்னான். வள்ளுவர் சூது அதிகாரத்தில், குறள் 933இல், 'உருளாயம் ஓவாது கூறின்' என்கிறார். அங்கே ஆயம் கவற்றோடு சேர்ந்த சொல். கூட்டாளிக்கும் பகடைக்கும் ஒரே சொல்! இரண்டும் ஒரு வேர்தானோ என்று எனக்கு நெடுநாள் ஐயம். 'ஆய்' என்னும் வினையடியைக் கொண்டால்...

(இதற்குக் கீழே ஐயா எழுதிய நாற்பது வரிகளைத் தனிக் கோப்பாக இணைத்திருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

பெங்களூரிலிருந்து:

ஐயா, சென்னையில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை என்று ஒன்று இருக்கிறது. பார்ட்டிக்கு ஆயம் என்று பெயர் வைத்தால் அவர்களே வந்து நிற்பார்கள்.

மதுரையிலிருந்து:

சார்த்தம் தமிழிலிருந்து அங்கே போயிருக்கக் கூடாதா? சார், சார்பு, சார்த்து. யார் முடிவு செய்தது?

தஞ்சையிலிருந்து:

இலக்கணம் முடிவு செய்தது.

மட்டுறுத்துநர்:

சாத்தன், ஐயனார், சார்த்தம் மூன்றுக்கும் தனி இழை திறந்திருக்கிறேன். தயவுசெய்து அங்கே போங்கள். இங்கே வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

பெங்களூரிலிருந்து:

இடையே ஒரு சின்ன உதவி. 'தாக்கோ'வை எப்படி எழுதினீர்கள் சார்? கவச எண் சுழியம் உள்ள எதிரியை அடிக்க இருபது முகப் பகடையில் குறைந்தது எவ்வளவு விழவேண்டும் என்பது. தாக்கோ 20 உள்ள ஆள் கவச எண் 5 உள்ளவனை அடிக்க 15 விழவேண்டும். இதில் கவச எண் குறையக் குறையத்தான் கவசம் உறுதி, இங்கேதான் எல்லோருக்கும் தலை சுற்றும்.

டொரோண்டோவிலிருந்து:

தாக்கோ என்று கேட்டாலே தாக்கு என்றுதானே காதில் விழுகிறது. தாக்கெண்?

தஞ்சையிலிருந்து:

தாக்கெண். புணர்ச்சியும் சரி, பொருளும் சரி. ஏற்கிறேன்.

மதுரையிலிருந்து:

நானும்.

சேலத்திலிருந்து:

நான் கேட்காத சொல் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. கேட்டது மூன்று நாளாக இழுக்கிறது.

டொரோண்டோவிலிருந்து:

'வழித்துணை' என்று வைத்தால்? விரிஞ்சிபுரத்துச் சிவனுக்கே வழித்துணைநாதர் என்றுதான் பெயர். பிள்ளைகளுக்கும் விளங்கும், ஐயாவுக்கும் உறுத்தாது. கன்னையை விட்டுக்கொடுக்கிறேன்.

சேலத்திலிருந்து:

அக்கா, இதை இரவெல்லாம் யோசித்தேன். சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது. எனக்கு வழித்துணையாக வருபவர் நான் அல்லவே. பார்ட்டியில் நாயகனும் அடக்கம். பகைவரைக் கொன்று கிடைக்கும் அனுபவப் புள்ளியைப் பங்கிடும்போது அவனுக்கும் சம பங்குதான்; ஆள் குறைந்தால் பங்கு கூடும். இறப்பதில் மட்டும் அவன் வேறு. மற்றவர் செத்தால் பெரும்பாலும் கோயிலில் காசு கொடுத்து எழுப்பலாம், அவன் செத்தால் ஆட்டமே முடிந்தது. 'வழித்துணை ஆறு பேர்' என்று எழுதினால் மாணவன் ஏழாக எண்ணுவான்.

பெங்களூரிலிருந்து:

ஆக, குழு.

மதுரையிலிருந்து:

சரி, குழு. ஆனால் 'பயணக் குழு' என்றாவது போடுங்கள். கோபோல்டுகளிடமிருந்து பிரித்துக் காட்டும்.

டொரோண்டோவிலிருந்து:

சுற்றுலா போவது மாதிரி இருக்கிறது. ஆனாலும் பரவாயில்லை.

தஞ்சையிலிருந்து:

என் மறுப்பு பதிவாகட்டும். 'ஆயம் கூடினால்தான் புறப்படலாம்.' வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எதுகை மோனை எதுவும் இல்லாமலே ஓசை வருகிறது.

சேலத்திலிருந்து:

வகுப்பு முடிந்து எழுதுகிறேன். கைத்தாளில் 'பயணக் குழு' என்றே போனது. முதல் பத்தி வாசித்து முடிப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒருவன், 'அதாவது செட்டு, அதானே சார்?' என்றான். அதன் பிறகு மணி அடிக்கும்வரை எல்லோரும் செட்டு என்றேதான் பேசினார்கள். ஒரு பெண் மட்டும் எழுத்தில் 'பயணக் குழு' என்றும் பேச்சில் 'பார்ட்டி' என்றும் வைத்துக்கொண்டாள். தாக்கெண்ணை யாரும் கேள்வியே கேட்கவில்லை.

மதுரையிலிருந்து:

செட்டும் சாத்தும் ஒலியில் நெருக்கமாக இருப்பதைக் கவனித்தீர்களா?

மட்டுறுத்துநர்:

தனி இழை, அண்ணே.

தஞ்சையிலிருந்து:

பேரன் நேற்று அந்த விளையாட்டைக் காட்டினான். மின்ஸ்க் என்பவன் ஓர் எலியை மடியில் வைத்துக்கொண்டு அதனிடம் யோசனை கேட்கிறான், எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்த எலி ஆயத்தில் சேருமா, சேராதா? ஆறில் அதற்கு இடம் இல்லை என்கிறான் பேரன். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த முறை கைத்தாள் அச்சிடும்போது ஆயத்தை அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்த்துவிடுங்கள்.