ஆகஸ்ட் கூட்டத்துக்கு ஒரு பிரிவினை நாவல்

மேலூர் வாசகன்:
எங்கள் வாசகர் வட்டத்தில் ஆகஸ்ட் மாதத்துக்கு இந்தியப் பிரிவினை பற்றிய நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டினேன். செத்தவர்கள் 2 லட்சம் என்கிறார் ஒருவர், 20 லட்சம் என்கிறார் இன்னொருவர். ஒன்றரைக் கோடிப் பேர் ஊரை விட்டுப் போனார்களாம். படிக்கிறேன், மனதில் ஒட்டவில்லை. வட்டத்தில் ஓய்வுபெற்ற டீச்சர்கள் அதிகம். பக்கத்துக்குப் பக்கம் வெட்டுக்குத்து என்றால் புத்தகத்தை மூடிவிடுவார்கள். எதைச் சொல்லலாம்?

தாரா திருச்சி:
பீஷ்ம சாஹ்னியின் இந்தி நாவல் 'தமஸ்'. யோசிக்கவே வேண்டாம்.

நீங்கள் சொன்ன எண்ணிக்கைப் பிரச்சினை அந்த நாவலுக்குள்ளேயே இருக்கிறது. கலவரம் ஓய்ந்தபின் நிவாரண அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா பதிவேடு எழுதுவார். வருகிறவர்கள் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாலே எரிச்சல்படுவார்; எத்தனை பேர் செத்தார்கள், எவ்வளவு நஷ்டம், அது போதும் அவருக்கு. அங்கே ஒருவர், கிணற்றில் குதித்துச் செத்த தன் மனைவியின் கைவளையை எடுத்துத்தர வழி உண்டா என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த ஆள்மேல் கோபப்படுவதா, இரக்கப்படுவதா என்று சாஹ்னி சொல்லித்தருவதில்லை. சாஹ்னி ராவல்பிண்டிக்காரர், 1947 மார்ச் கலவரத்துக்குப் பின் காங்கிரஸ் நிவாரணக் குழுவில் வேலை செய்தவர். நாவல் எழுத உட்கார்ந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து, 1970இல் கலவரம் நடந்த மகாராஷ்டிரத்துப் பிவண்டிக்குப் போய்வந்த பிறகுதான்.

வெட்டுக்குத்து உண்டு. ஆனால் கதையைக் கிளப்புவது ஒரு 5 ரூபாய் நோட்டு. கால்நடை டாக்டருக்குச் செத்த பன்றி வேண்டும் என்ற பேச்சை நம்பி, தோல் வேலை செய்யும் நத்து ராத்திரி முழுக்க ஒரு பன்றியோடு மல்லுக்கட்டுகிறான். விடிந்தால் அது மசூதிப் படியில் கிடக்கிறது. பணம் கொடுத்த முராத் அலி கடைசி அத்தியாயத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள், சொல்லமாட்டேன்.

ரயிலடி:
முதல் அத்தியாயமே பன்றி என்றால் டீச்சர்கள் தாண்டுவார்களா, தாரா மேடம்? குஷ்வந்த் சிங்கின் 'ட்ரெயின் டு பாகிஸ்தான்' (1956) சின்னது, விறுவிறுப்பானது. மனோ மஜ்ரா என்ற எல்லைக் கிராமத்தில் ரயில் வரும் நேரத்தை வைத்துத்தான் எல்லாருக்கும் பொழுது. ஒருநாள் ஒரு ரயில் வந்து நிற்கிறது. போலீஸ் வந்து ஊராரிடம் விறகும் மண்ணெண்ணெயும் கேட்கிறது. பெட்டிக்குள் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஊருக்கே புரிந்துவிடுகிறது.

தாரா திருச்சி:
அந்த இடம் பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாஜிஸ்ட்ரேட் ஹுக்கும் சந்தின் புலம்பல் எனக்கு அலுப்பு.

செகந்திராபாத் சீனு:
இரண்டு பேரும் பஞ்சாபிலேயே நிற்கிறீர்களே. அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' இருக்கிறது. களம் ஹைதராபாத் நிஜாம் ராஜ்ஜியம், நிஜாமுக்காக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள், இந்திய ராணுவம் உள்ளே நுழைந்து அந்த ராஜ்ஜியத்தை இந்தியாவோடு சேர்த்த 1948 'போலீஸ் நடவடிக்கை'. சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடிக்கொண்டு காலேஜ் போகிற ரயில்வே குடும்பத்துப் பையன். ஊர் அவனைச் சுற்றி மெல்ல மெல்ல மாறுகிறது. முடிவு மட்டும் கடுமை, டீச்சர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பு தேட வேண்டிய அவசியமும் இல்லை.

மேலூர் வாசகன்:
நன்றி. ஆகஸ்டுக்கு அசோகமித்திரன், செப்டம்பருக்குத் 'தமஸ்'. குமாஸ்தா வரும் பகுதியை மட்டும் ஆகஸ்ட் கூட்டத்தில் வாசித்துக் காட்டப் போகிறேன். தாரா மேடம், அது எந்த அத்தியாயம்?

தாரா திருச்சி:
கடைசிப் பகுதியில்தான். ஆனால் முராத் அலி வரும் பக்கம்வரை வாசித்துவிடாதீர்கள்!