உக்கடத்தில் படுத்திருக்கும் நம் ஊர்ப் பையனை எங்கே சேர்ப்பது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கோயம்புத்தூரில் வேலை முடித்து, பாலக்காட்டுப் பேருந்துக்காக இரவில் உக்கடத்தில் நிற்கும்போதெல்லாம், மேம்பாலத்தின் கீழே அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருக்கும் ஓர் இளைஞரை மூன்று மாதங்களாகப் பார்த்து வருகிறேன். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டையை அவர் மடித்துவிட்டதில்லை. சென்ற வாரம் தேநீர் வாங்கிக் கொடுத்தபோது கையை நீட்டினார். மணிக்கட்டுக்கு மேல் சீழ் கட்டிய புண்கள். வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்வதாக அவரே சொன்னார். தலைக்கு வைத்திருந்த பையில் இளஞ்சிவப்பு ரேஷன் அட்டையின் நகல் இருந்தது. முகவரி கேரள எல்லைக்குள் எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்து. பேச்சும் எங்கள் பக்கத்துத் தமிழ்தான். ஒரு மருத்துவமனையில் விசாரித்தால், "கேரளாக்காரர் என்றால் அங்கேயே கொண்டுபோங்கள்" என்கிறார்கள். அவர் வரத் தயார், போலீஸுக்குத்தான் பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

சித்தூர் செவிலியர்:
பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து எழுதுகிறேன். உங்களை அப்படித் திருப்பி அனுப்பியது தவறு. சீழ் பிடித்த கைக்கு எந்த மாநிலமும் இல்லை. முதலில் அந்தப் புண்ணைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் இரத்தத்தில் கிருமி ஏறிவிடலாம். போதை மீட்புக்கு 14446 என்ற தேசிய எண்ணை அழைக்கலாம். கேரளத்தில் எக்சைஸ் துறையின் விமுக்தி திட்டத்திற்கு 14405.

நீங்களாகவே வீட்டில் வைத்து நிறுத்திவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இப்படி ஊசியில் ஏற்றும் வலி மாத்திரை போன்ற அபின் வகை மருந்து நின்ற ஒரு நாளுக்குள் மூக்கொழுகலும் கொட்டாவியும் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் எலும்பையே முறுக்குவதுபோல் வலிக்கும். அந்த நேரத்தில்தான் பெரும்பாலோர் ஓடிப்போகிறார்கள். மருத்துவர் மேற்பார்வையில் புப்ரெனார்பின் என்ற மாற்று மருந்தைக் கொடுத்தால் அதைத் தாண்டிவிடலாம். இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: சில வாரம் நிறுத்தியிருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடல் தாங்காது, மூச்சே நின்றுவிடலாம். ஆகவே சிகிச்சை முடிந்து வெளியே வரும் நாள், சேரும் நாளைவிட ஆபத்தானது.

வேலந்தாவளம் கடைக்காரர்:
செவிலியர் அம்மா கடைசியில் சொன்னதுதான் என் தம்பிக்கு நடந்தது. ஒரு மையத்தில் முப்பது நாள் இருந்து தெளிந்த முகத்தோடு வந்தான். வீட்டில் அண்ணி கதவைத் திறக்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றிரவு பேருந்து நிலையத்திற்கே போய்விட்டான். இன்று உயிரோடு இருக்கிறான் என்பது என் புண்ணியம் அல்ல. எனவே படுக்க இடத்தை முன்கூட்டியே பாருங்கள். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம். இடம் இருக்கிறதா என்று மாநகராட்சியில் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். பெரிய மனிதர் வருகிறார் என்றால் மட்டும் பாலத்தடியைக் கழுவிவிடுகிறார்கள். ஆட்கள் அடுத்த பாலத்தடிக்குப் போகிறார்கள், அவ்வளவுதான்.

நல்லேப்பிள்ளி வழக்கறிஞர்:
போலீஸ் பயத்தைப் பற்றி: 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவு உட்கொள்வதைக் குற்றமாக்குகிறது. ஆனால் அப்பிரிவில் குற்றம் சாட்டப்பட்டவரோ, சிறிய அளவு வைத்திருந்ததாகச் சொல்லப்படுபவரோ, அரசு அங்கீகரித்த மையத்தில் தாமாக வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து 64ஏ பிரிவு பாதுகாக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு நீக்கப்படலாம். அவர் எடுப்பது இச்சட்டத்தின் கீழ் வரும் மருந்தா என்பதையும் பார்க்க வேண்டும். சேர்க்கைச் சீட்டை பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மூவருக்கும் நன்றி. புண்ணுக்குக் கட்டுப் போட்டாயிற்று. சனிக்கிழமை காலை நம் பக்கமே அழைத்து வருகிறேன். அவருடைய பெரியம்மா திண்ணையில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், உள்ளே அல்ல. அந்த இளைஞர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அங்கே டாக்டர் தமிழில் பேசுவாரா? மலையாளத்தில் தன்னால் இதையெல்லாம் சொல்ல வராது என்கிறார். செவிலியர் அம்மா, இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

சித்தூர் செவிலியர்:
என் பணி நாள் சனிக்கிழமைதான். வாருங்கள், பக்கத்தில் நான் நின்று சொல்கிறேன்.