ஜமைக்கா மாமியார், தொட்டில்ல 91ம் சங்கீதம், நைன் நைட் சண்டை: எது விசுவாசம், எது மூடநம்பிக்கை?

பாளை_மகள்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா படிங்க ப்ளீஸ். நான் பாளையங்கோட்டை சிஎஸ்ஐ குடும்பம், இப்ப பர்மிங்ஹாம்ல இருக்கேன். வீட்டுக்காரர் ஜமைக்கா குடும்பம், இங்கயே பிறந்து வளர்ந்தவர். அத்தை கிளாரண்டன்ல ஒரு கிராமத்துல இருந்து சின்ன வயசுலயே இங்க வந்தவங்க, பெந்தெகொஸ்தே சபை. ஞாயித்துக்கிழமை தொப்பி வச்சுகிட்டு காலைல சர்ச்சுக்குப் போனா வீடு திரும்ப மத்தியானம் தாண்டிடும். உபவாசம், முழு ராத்திரி ஜெபம் எதையும் விட மாட்டாங்க. கிறிஸ்துமஸ் கறுப்பு கேக்ல கூட ரம் ஊத்த மாட்டாங்கன்னா பாத்துக்கோங்க.

இப்படிப்பட்டவங்க, நான் பிள்ளை பெத்து வீட்டுக்கு வந்த அன்னைக்கு பெரிய எழுத்து பைபிளை 91ம் சங்கீதத்துல திறந்து தொட்டில் தலைமாட்டுல வச்சாங்க. சரி, நல்லதுதானேன்னு இருந்தேன். பாத்தா அதுக்கடியில கத்தரிக்கோலை வாய் திறந்து சிலுவை மாதிரி வச்சிருக்காங்க! துணிக்குப் போடற நீலத்தைக் கரைச்சு பிள்ளை நெத்தியில சிலுவை வேற. ஒன்பது நாள் வெளிய தூக்கக் கூடாது, டப்பி வந்து பாக்கும்ங்கறாங்க. டப்பின்னா அவங்க ஊர்ல செத்தவங்க ஆவி. 'அத்தை, நீங்கதானே இயேசுவோட ரத்தம் போதும்னு சாட்சி சொல்றீங்க'ன்னு கேட்டா, 'அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்'ங்கறாங்க.

அது ஓடிட்டு இருக்கும்போதே போன வாரம் வீட்டுக்காரரோட பாட்டி ஜமைக்காவுல இறந்துட்டாங்க. அத்தையோட அக்கா, அவங்களும் சர்ச்சுக்குப் போறவங்கதான், இங்க நைன் நைட் வைக்கணும்ங்கறாங்க, அதாவது யாராச்சும் இறந்தா ஒன்பது ராத்திரி வரைக்கும் கூடி விழிச்சிருக்கற ஜமைக்கா துக்கச் சடங்கு. பாட்டு, டோமினோ, பொரிச்ச மீன், ரம், பாட்டிக்குன்னு தனியா ஒரு மேஜை. அத்தையோட பாஸ்டர் 'மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்'னு பிரசங்கி 9:5 காட்டி போகவே கூடாதுன்னுட்டார். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. தொட்டில்ல கத்தரிக்கோல் வைக்கறவங்களே நைன் நைட்டுக்கு மட்டும் வர மாட்டேங்கறது எனக்குப் புரியவே இல்ல. வீட்டுக்காரர் நடுவுல மாட்டிகிட்டு முழிக்கறார். நான் போகலாமா? பிள்ளை வளர்ந்தா நான் எதைச் சொல்லிக் கொடுக்கறது?

செல்வின்_இறையியல்:

சிஸ்டர், முதல்ல ஒண்ணு. இதெல்லாம் ஆப்பிரிக்காவுல இருந்து வந்த மூடநம்பிக்கை, கிறிஸ்தவம் வெள்ளைக்காரன் சுத்தமா கொண்டு வந்ததுன்னு பலபேர் கோடு போட்டுப் பேசறாங்க, அந்தக் கோடு அவ்வளவு நேரா ஓடாது. பெரிய வெள்ளி அன்னைக்கு ஜமைக்காவுல ஒரு டம்ளர் தண்ணியில முட்டை வெள்ளைக்கருவை ஊத்தி வெயில்ல வைப்பாங்க, கப்பல் மாதிரி தெரிஞ்சா வெளிநாட்டுப் பயணம், சவப்பெட்டி மாதிரி தெரிஞ்சா சாவு. உங்க அத்தைகிட்ட கேளுங்க, கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். 1692ல அமெரிக்காவுல சேலம்ங்கற ஊர்ல சூனிய வழக்கு நடந்துச்சே, அந்த வட்டாரத்துல பியூரிட்டன், அதாவது ரொம்பக் கண்டிப்பான புராட்டஸ்டன்ட் வீட்டுப் பொண்ணுங்களும் இதே முட்டை டம்ளர்ல வருங்காலப் புருஷன் யாருன்னு பாத்திருக்காங்க. ஒருத்திக்கு சவப்பெட்டி தெரிஞ்சுதுன்னு ஜான் ஹேல்ங்கற போதகர் எழுதி வச்சிருக்கார். திருடனைக் கண்டுபிடிக்க பைபிள்ல 50ம் சங்கீதப் பக்கத்துல சாவியை வச்சுக் கட்டி, ரெண்டு பேர் விரல் நுனியில தாங்கிகிட்டு ஒவ்வொரு பேரா சொல்லுவாங்க, பைபிள் திரும்பினா அந்தப் பேர்தான் திருடன். ஜமைக்காவுல ரொம்பப் பழக்கம், ஆனா அது இங்கிலாந்து கிராமங்கள்ல இருந்து போன சரக்கு.

ஆப்பிரிக்காவுல இருந்து வந்ததை மட்டும் சட்டம் போட்டு நசுக்கினாங்க. 1760ல ஜமைக்காவுல டாக்கிங்கறவர் தலைமையில அடிமைகள் கலகம் பண்ணினப்ப, ஒபியாக்காரங்கதான், அதாவது ஆப்பிரிக்க வழி மந்திரம் பண்றவங்கதான், சத்தியம் வாங்கி, குண்டு துளைக்காதுன்னு பொடி பூசி விட்டாங்கன்னு தோட்ட முதலாளிங்களுக்குப் பயம். அதே வருஷம் வந்த சட்டத்துல ரத்தம், இறகு, கிளி மூக்கு, நாய்ப்பல், முதலைப்பல், கல்லறை மண், ரம், முட்டை ஓடுன்னு என்னென்ன வச்சிருந்தா குற்றம்னு பட்டியலே இருக்கு, தண்டனை மரணம் வரைக்கும் போகலாம். 1898ல வந்த ஒபியா சட்டம் ஜமைக்காவுல இன்னும் புத்தகத்துல இருக்கு. டிரினிடாட்ல 2000ல எடுத்துட்டாங்க. தலைமுறை தலைமுறையா 'உங்க பாட்டன் செஞ்சதெல்லாம் பிசாசு வேலை, ஜெயில்'னு கேட்டு வளர்ந்த ஜனம், வெளிய சொல்லாம வீட்டுக்குள்ள பைபிளுக்கு அடியில வச்சுகிட்டாங்க. உங்க வீட்டுத் தொட்டில்ல நீங்க பாத்தது இதைத்தான்.

இதுக்காக நான் கத்தரிக்கோலை ஆதரிக்கல. 91ம் சங்கீதம் பழங்காலத்துலயே பேய் ஓட்டற சங்கீதமா இருந்திருக்கு, சாக்கடல் சுருள்ல பேய் ஓட்டற பாட்டுகளோட சேர்த்தே எழுதி வச்சிருக்காங்க. ஆனா மத்தேயு 4ல சாத்தான் இயேசுவை 'கீழே குதி, தூதர்கள் தாங்குவாங்க'ன்னு இழுக்கறது இதே சங்கீதத்தைக் காட்டித்தான். தேவனோட வாக்கை பட்டன் மாதிரி அமுக்கிப் பாக்கற வேலையை இயேசு அங்கயே வேண்டாம்னுட்டார். அத்தையோட உக்காந்து இந்த ரெண்டு பகுதியையும் சேர்த்துப் படிங்க, பைபிளை வச்சுப் பேசினா அவங்க கோவப்பட மாட்டாங்க.

இபாதான்_வாத்தியார்_மகன்:

அப்பா எண்பதுகள்ல நைஜீரியாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போனவர், நான் அங்க யொருபா பசங்களோட படிச்சவன், அதனால ஜமைக்கா பத்தி இல்லாம நான் பாத்ததைச் சொல்றேன். எங்க பக்கத்து வீட்டு அம்மா ஆங்கிலிகன் சர்ச் பாடகர் குழுவுல இருந்தாங்க, வயித்துல பிள்ளை இருந்தப்ப உச்சி வெயில்ல வெளிய போகணும்னா சட்டையில ஒரு ஊக்கு குத்திக்காம படி தாண்ட மாட்டாங்க, கெட்ட ஆவி பிள்ளையை மாத்திடும்னு. ராத்திரி வீடு கூட்டக் கூடாது, விசில் அடிக்கக் கூடாது, பையனைத் துடைப்பத்தால அடிக்கவே கூடாது, நான் ஒருதடவை விளையாட்டா ஒருத்தனை அடிச்சதுக்கு அவங்கம்மா அதே துடைப்பத்தால என்னைத் திருப்பி ஏழு தடவை அடிக்கச் சொல்லி அவன்கிட்ட கொடுத்தாங்க, அப்பத்தான் தோஷம் போகுமாம்.

இதுல பெரிய விஷயம் அபிக்கு. பிறந்து பிறந்து செத்து அதே தாய் வயித்துலயே திரும்ப வர்ற பிள்ளைன்னு யொருபா நம்பிக்கை, இக்போ ஆளுங்க ஓக்பாஞ்சேம்பாங்க. பிள்ளை உடம்புல கீறி அடையாளம் போடுவாங்க, கொக்குமோ, மலோமோன்னு 'இனிமே சாகாதே, போகாதே'ங்கற மாதிரி பேர் வைப்பாங்க. இப்ப டாக்டர்ங்க என்ன சொல்றாங்கன்னா, வரிசையா பிள்ளைங்க செத்த அந்தக் குடும்பங்கள்ல நிறைய இடத்துல இருந்தது சிக்கில் செல்ங்கற பரம்பரை ரத்த நோய். அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் அந்த ஜீன் இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. எனக்கு மனசு நிறைஞ்ச இடம் இதுதான்: இன்னைக்கு நைஜீரியாவுல எத்தனையோ சபைகள்ல அந்த ஜீன் இருக்கான்னு பாக்கற ஜீனோடைப் டெஸ்ட் ரிசல்ட் கொண்டு வராம கல்யாணம் பண்ணி வைக்க மாட்டாங்க. பாட்டி அபிக்குன்னு அழுத வீட்டுல பேத்தி பாஸ்டர் கையில ஏஏ (அந்த ஜீன் இல்ல), ஏஎஸ் (ஒரு ஜீன் இருக்கு)னு ரிப்போர்ட் கொடுக்கறா. ஜெபமும் நடக்குது, ரத்தப் பரிசோதனையும் நடக்குது.

அப்புறம் அலடுரா சபைகள், ஜெபத்தால குணமாக்கறதை முக்கியமா வச்ச யொருபா சபைகள். 1918 இன்ஃபுளுவென்சாவுல இஜெபு ஓடேயில ஆங்கிலிகன் சர்ச்சுக்குள்ளயே ஒரு ஜெபக்குழு கிளம்புச்சு, அங்க இருந்துதான் அந்த ஓட்டம். 1930ல பபலோலான்னு ரோடு போடற ஸ்டீம் ரோலர் ஓட்டிட்டு இருந்த ஒருத்தர் இலேஷா ஊர்ல பிரசங்கம் பண்ண, ஜனங்க வீட்டுல இருந்த தாயத்து, மந்திரப் பொருள் எல்லாத்தையும் கொண்டு வந்து குவிச்சுக் கொளுத்தினாங்க. அந்த இடத்துல ஜெபம் பண்ணின தண்ணியும் எண்ணெயும் வந்துச்சு. வெள்ளைக்கார மிஷனரி 'சூனியமே கிடையாது, பயப்படாதே'ன்னுட்டு போயிடுவார், ராத்திரி பிள்ளைக்கு ஜுரம் அடிச்சா அந்தத் தாய் எங்க போவா? 'இருக்கு, ஆனா இயேசு அதைவிடப் பெரியவர்'னு சொன்ன சபைக்குத்தான் போனா. உங்க அத்தையும் அதே ஆள்தான், அவங்க விசுவாசம் பொய்யில்ல. பயம் போகல, அவ்வளவுதான்.

கிழக்கு_லண்டன்_அக்கா:

தம்பி சொன்னதை நான் மதிக்கறேன், ஆனா 'இருக்கு, இயேசு பெரியவர்'ங்கறதுல ஒரு ஆபத்தும் இருக்கு, அதைச் சொல்லாம இந்தத் திரியை விட முடியாது. நான் குழந்தைகள் பாதுகாப்புல வேலை பாக்கறவ. ஐவரி கோஸ்ட்ல இருந்து வந்த விக்டோரியா கிளிம்பியே, எட்டு வயசு, 2000ல லண்டன்ல சித்திரவதைப்பட்டு செத்தா. அவ உடம்புல காயத்தைப் பாத்தும் அவளைக் கூட்டிட்டுப் போன சபைகள்ல பிசாசு பிடிச்சிருக்குன்னாங்க. 2010 கிறிஸ்துமஸ் அன்னைக்கு கிறிஸ்டி பாமு, பதினஞ்சு வயசுப் பையன், காங்கோ குடும்பம், சொந்த அக்காவும் அவ கூட இருந்தவனும் கிண்டோக்கி, அதாவது சூனியம் வச்சிருக்கான்னு அடிச்சே கொன்னாங்க. நைஜீரியாவுல அக்வா இபோம் மாநிலத்துல பிள்ளைங்களை சூனியக்காரன்னு சொல்றதையே குற்றமாக்கி 2008ல சட்டம் போட வேண்டியிருந்துச்சு.

தொட்டில்ல பைபிள் வைக்கற பாட்டிக்கும் இதுக்கும் வெகுதூரம், அதை நானே அடிச்சுச் சொல்லுவேன், நான் பாத்த ஜமைக்கா பாட்டிங்க பேரப்பிள்ளைக்கு உயிரையே கொடுப்பாங்க. நான் பாக்கறது ஒண்ணுதான்: 'பிள்ளையைக் காப்பாத்து'ங்கற ஜெபம் எப்ப 'யார் இதைச் செஞ்சது'ங்கற கேள்வியா மாறுது? பாஸ்டர் ஒரு பேரைச் சொல்ல ஆரம்பிச்சா, அதுவும் வீட்டுல சின்னப் பிள்ளை பேரையோ துணையில்லாத கிழவி பேரையோ சொன்னா, விடுதலை ஜெபத்துக்கு காசு கேட்டா, சாப்பாடு போடாம உபவாசம் இருக்க வைன்னு சொன்னா, அந்த நிமிஷமே பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய வந்துருங்க, ஸ்கூல்லயோ டாக்டர்கிட்டயோ சொல்லுங்க.

இன்னொண்ணு, பாளை மகளே, கத்தரிக்கோலும் சரி, கனமான பைபிளும் சரி, தொட்டிலுக்குள்ள வேண்டவே வேண்டாம். பிள்ளை தூங்கற இடம் காலியா இருக்கணும்னு இங்க ஹெல்த் விசிட்டரே சொல்லுவாங்க. அவங்க சொன்னாங்கன்னு அத்தைகிட்ட சொல்லி பைபிளை ஒரு ஷெல்ஃபுக்கு மாத்திடும்மா, சண்டை வராது.

பாளை_மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, பைபிளை ஜன்னல் பக்கத்து ஷெல்ஃப்ல திறந்தபடியே வச்சாச்சு, அத்தை ஒண்ணும் சொல்லல, கத்தரிக்கோலை மட்டும் காணோம், எங்க வச்சிருக்காங்கன்னு தேடணும். செல்வின் அண்ணா சொன்ன மத்தேயு 4ஐ இன்னைக்கு ராத்திரி ஜெபத்துல படிக்கப் போறோம். நைன் நைட் பத்தி யாராச்சும் சொல்லுங்களேன், அதுக்குத்தான் மனசு அடிச்சுக்குது.

ஹாண்ட்ஸ்வொர்த்_ராஜா:

போங்க தங்கச்சி, கண்டிப்பா போங்க. என் வொய்ஃப் குடும்பமும் ஜமைக்காதான். அங்க ஆவியைக் கும்பிடறதா நினைச்சுப் பயப்பட வேண்டாம், நான் உக்காந்த வீட்டுல ராத்திரி பூரா பழைய கீர்த்தனைதான், ஒருத்தர் ஒவ்வொரு வரியா சொல்லச் சொல்ல மத்தவங்க இழுத்துப் பாடுவாங்க, பெரியவங்க இறந்தவங்க கதையைச் சொல்லுவாங்க, சமையக்கட்டுல மீன் வறுபடும், வெளிய டோமினோவை மேஜையில ஓங்கி அடிக்கற சத்தம். தனி மேஜையில இறந்தவங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு இருக்கும், பழைய முறைப்படி செய்யறவங்க அதுல உப்பே போட மாட்டாங்க, டப்பிக்கு உப்பு ஆகாதுன்னு. உங்களுக்கு அது உறுத்துனா அந்த மேஜைப் பக்கம் போகாதீங்க, யாரும் வற்புறுத்த மாட்டாங்க. செத்த வீட்டுக்காரங்களைத் தனியா அழ விடக் கூடாதுன்னுதானே அந்த ஒன்பது ராத்திரியும்.

அத்தைக்கு ஒரு வழி சொல்றேன், எங்க வீட்டுல இப்படித்தான் ஓடுது: என் மாமியாரும் பெந்தெகொஸ்தே, சாயங்காலம் ஆறு மணிக்கே வந்து ஜெபம் பண்ணி ரெண்டு பாட்டுப் பாடிட்டு, ரம் பாட்டில் திறக்கறதுக்கு முன்னாடி கிளம்பிடுவாங்க. பெரியவங்களும் அதுக்குத் தகுந்த மாதிரி முதல் மணிநேரத்தை ஜெபத்துக்கே விட்ருவாங்க. வீட்டுக்காரரை நேரா அவங்க பெரியம்மாகிட்ட பேசச் சொல்லுங்க, 'அம்மா ஆரம்ப ஜெபம் செய்யட்டும்'னு அவங்க வாயாலயே கூப்பிட வைங்க. தங்கச்சியை அக்காவே கூப்பிட்டா பாஸ்டர் சொன்னது ரெண்டாம் பட்சம் ஆயிடும். நீங்க போறப்ப வெறுங்கையோட போகாதீங்க, பன் சீஸோ ஒரு பெரிய பாத்திரம் சோறோ எதையாவது கொண்டு போங்க, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆள் வந்துகிட்டே இருப்பாங்க.