ரஷ்யாவோடு அதன் அயல்நாடுகளுக்கு ஏன் ஒத்துப்போவதில்லை?

கொட்டாஞ்சேனைக்காரன்:
வேலையிடத்தில் இரண்டு கிழமையாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இதே கதைதான். எங்களோடு வேலை செய்யும் ஓர் அண்ணை, எல்லாவற்றுக்கும் நேட்டோ என்ற அமெரிக்க, ஐரோப்பிய இராணுவக் கூட்டணிதான் காரணம், வாசல்வரை வந்து நின்றால் யார் பொறுப்பார்கள் என்கிறார். 2008 ஏப்ரலில் புக்கரெஸ்டில் கூடிய நேட்டோ, உக்ரேனும் ஜோர்ஜியாவும் ஒருநாள் உறுப்பு நாடுகளாகும் என்று அறிவித்தது, ஓகஸ்டில் ஜோர்ஜியாவில் ரஷ்யப் படையோடு சண்டை மூண்டது, இதைத்தான் திரும்பத் திரும்ப எடுத்து வைக்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நேட்டோவில் சேரக் கேட்காத ஆர்மேனியாவும் கஸகஸ்தானும்கூட மொஸ்கோவிடமிருந்து தள்ளி நிற்கப் பார்க்கின்றனவே, அது ஏன்? அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய கீவ் மாணவன்:
தம்பி, நான் எண்பதுகளில் சோவியத் புலமைப்பரிசிலில் கீவில் படித்தவன். ரஷ்ய மொழியும் அந்தச் சனமும் இன்றைக்கும் எனக்குப் பிரியம்தான், அதனால் வெறுப்பில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கேட்ட ஆர்மேனியாவையே எடுங்கள். ரஷ்யாவின் கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இருந்த நாடு, அதன் மண்ணில் ரஷ்யப் படைத்தளம் இருக்கிறது. அஸர்பைஜானுக்குள் ஆர்மேனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ கராபாக்கில் 2020 நவம்பரில் இருந்து ஏறத்தாழ 2,000 ரஷ்ய அமைதிப்படையினர் நின்றார்கள். 2023 செப்டெம்பரில் அஸர்பைஜான் ஒரே நாளில் அதைப் பிடித்தபோது அவர்கள் தடுக்கவில்லை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் சில நாட்களுக்குள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். காப்பாற்றுவேன் என்று சொன்னவன் அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் பிறகு அவனோடு என்ன ஒப்பந்தம்? 2024 பெப்ரவரியில் பிரதமர் பஷின்யான் அந்தக் கூட்டணியில் தங்கள் பங்கேற்பை நிறுத்தி வைத்திருப்பதாக வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

கஸகஸ்தான் கதை வேறு. 2022 ஜனவரியில் அங்கே கலவரம் வந்தபோது ரஷ்யப் படை போய் ஜனாதிபதி தொகாயேவின் ஆட்சிக்குத் துணை நின்றது. அதே மனிதர் ஜூனில் சென் பீட்டர்ஸ்பர்க்கில் புட்டினுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டே, கிழக்கு உக்ரேனில் ரஷ்யா தனி நாடுகள் என்று ஏற்ற தொனெத்ஸ்க், லுஹான்ஸ்க் இரண்டையும் தனி நாடுகளாக ஏற்க மாட்டோம் என்றார். கஸகஸ்தானின் வடக்கிலும் ரஷ்யர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் அல்லவா. ரஷ்ய மொழி பேசுபவர்களைக் காப்பாற்ற வந்தோம் என்ற காரணம் நாளைக்குத் தன் வாசலுக்கும் வரலாம் என்று அவர் பயப்படாமல் இருப்பாரா?

புறக்கோட்டைத் தேயிலை:
அண்ணை படையைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் வியாபாரத்தைச் சொல்கிறேன். 2006இல் ரஷ்யா ஜோர்ஜிய, மோல்டோவ வைனைத் தரம் சரியில்லை என்று தடை செய்தது. இரண்டு நாடுகளுக்கும் பெரிய சந்தையே அதுதான், இரண்டுமே அப்போது ஐரோப்பா பக்கம் சாயத் தொடங்கியிருந்தன. இது எங்கோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள். 2017 டிசம்பரில் எங்கள் தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்தது என்று இலங்கைத் தேயிலைக்கே தடை போட்டார்கள். நாங்கள் அப்போதுதான் அஸ்பெஸ்டோஸ் இறக்குமதியை நிறுத்தப் போவதாக இருந்தோம், அதை அதிகம் தோண்டி விற்கும் நாடு ரஷ்யா. அரசாங்கம் அஸ்பெஸ்டோஸ் தடையைத் தள்ளிப்போட்டது, கொஞ்ச நாளில் தேயிலைத் தடையும் போய்விட்டது. அந்த இரண்டு கிழமையும் எங்கள் களஞ்சியத்தில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. ரஷ்யா எங்கள் தேயிலையை நிறைய வாங்குகிறது, அதற்கு நன்றி உண்டு. ஆனால் வாங்குகிற கையாலேயே கழுத்தைப் பிடித்தால் யார் நம்புவார்கள்?

வெள்ளவத்தை ரீச்சர்:
தமிழராக இருந்துகொண்டு இதைக் கதைக்கும்போது ஒன்றை விடக்கூடாது. 2008 ஓகஸ்ட் 26 அன்று ஜோர்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியாவையும் தென் ஒசேத்தியாவையும் ரஷ்யா தனி நாடுகளாக ஏற்றது, காரணமாகச் சொன்னது சுயநிர்ணய உரிமை. அதே ஆண்டு பெப்ரவரியில் சேர்பியாவிலிருந்து கொசோவோ பிரிந்தபோது ஏற்க மறுத்தது. ரஷ்யாவுக்குள்ளேயே இருக்கும் செச்னியர்கள் அதே உரிமையைக் கேட்டபோது இரண்டு போர் நடந்து குரோஸ்னி நகரமே தரைமட்டமானது. அப்புறம் ஜெனீவா, ஐ.நா. மனித உரிமைப் பேரவை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலின் சூடு ஆறும் முன்னர் இலங்கை அரசைப் பாராட்டிய தீர்மானத்துக்கு ரஷ்யா ஆதரவாக வாக்களித்தது, 2021 மார்ச்சில் எங்களுக்கு நீதி கேட்ட தீர்மானத்தை எதிர்த்தது. 2014இல் உக்ரேனிடமிருந்து எடுத்துக்கொண்ட கிரிமியாவைப் பற்றி மொஸ்கோ உரிமை பேசும்போதெல்லாம் எனக்கு இந்த வாக்குகள்தான் ஞாபகம் வரும்.

மருதானை மூர்த்தி:
எல்லாரும் ஒரு பக்கமாகவே கதைக்கிறீர்கள். பெரிய நாட்டின் பாதுகாப்புப் பயம் எங்களுக்கு என்ன புதிதா? 1987 ஜூனில் இந்தியா யாழ்ப்பாணத்தின் மேல் விமானத்தில் உணவுப் பொதி போட்டது, ஜூலையில் வந்த ஒப்பந்தத்தோடு ராஜீவும் ஜே.ஆரும் மாற்றிக்கொண்ட கடிதத்தில் திருகோணமலையை இந்தியாவுக்குக் கேடாக வேறு நாட்டுக்குக் கொடுக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். உக்ரேனும் அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள்.

பழைய கீவ் மாணவன்:
மூர்த்தி, உக்ரேன் எழுதிக் கொடுத்ததே! 1994இல் புடாபெஸ்டில் அணு ஆயுதங்களை ஒப்படைக்கச் சம்மதித்தது, பதிலுக்கு அதன் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்துப் போட்டன. 2014 மார்ச்சில் கிரிமியா போனபோது உக்ரேன் எந்தக் கூட்டணியிலும் சேராத நாடு, அதன் சட்டத்திலேயே அப்படித்தான் இருந்தது. இந்தியா திருகோணமலையைத் தன் வரைபடத்தில் சேர்க்கவில்லை. ரஷ்யா 2022 செப்டெம்பரில் உக்ரேனின் நான்கு மாகாணங்களைத் தன்னோடு சேர்த்தது, அவற்றில் முழுதாகக் கையில் இல்லாத இடங்களையும் சேர்த்தே. பனிப்போர்க் காலம் முழுக்க ஒதுங்கி நின்ற பின்லாந்து 2023 ஏப்ரலில் நேட்டோவுக்குப் போனது இதைப் பார்த்துத்தான், இப்போது அந்த 1,340 கிலோமீட்டர் எல்லையும் நேட்டோ எல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்:
நன்றி அண்ணை, ரீச்சருக்கும் நன்றி. இன்னொன்று கண்ணில் பட்டது. 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச் சபையில் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்தபோது இலங்கை வாக்களிக்காமல் ஒதுங்கியது, சரி. பழைய சோவியத் நாடுகளில் ரஷ்யாவோடு நின்று எதிர்த்து வாக்களித்தது பெலாருஸ் மட்டும். நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் அந்த அண்ணையிடம் இதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.