போருக்கே போகாதவன் ஊர் திரும்பிய வீரனா? ஒரு 1944 படம்

பழையரீல்:
பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் எழுதி இயக்கிய 'ஹெயில் தி கான்கரிங் ஹீரோ' படத்தைப் பலரும் கொண்டாடுறாங்க. எனக்கு மனசு ஒப்பல. பார்க்காதவங்களுக்காகக் கதை: உட்ரோவின் அப்பா முதல் உலகப் போரில் இறந்த அமெரிக்க மரீன் (கடல்வழிப் போய்ச் சண்டை போடுற படை) வீரர். மகனும் மரீனில் சேர்றான். தும்மல் ஒவ்வாமைன்னு ஒரே மாசத்துல திருப்பி அனுப்பிடுறாங்க. அம்மாகிட்ட சொல்ல முடியாம, சான் டியாகோவில் கப்பல் கட்டும் தளத்துல வேலை பார்த்துக்கிட்டே, கடல் தாண்டிப் போர்ல இருக்கறதா நம்ப வைக்கிறான். பசிபிக் தீவான குவாடல்கனால் போர்முனையிலிருந்து வந்த ஆறு மரீன்கள் அவனுக்குச் சீருடை மாட்டி, பதக்கம் குத்தி ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. ஊரே பேண்டு வாத்தியத்தோட நிக்குது. கடைசியில அவன் உண்மையைச் சொன்னதும் மன்னிச்சு, நீயே மேயரா இருன்னு சொல்லுது. அன்னைக்குத் தியேட்டர்ல பிள்ளையைப் போர்ல பறிகொடுத்தவங்களும் உட்கார்ந்திருப்பாங்களே!

தஞ்சைக்காரி:
பொய் சொன்னவன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டீங்க. அந்த ஆறு பேரை அவன் சந்திக்கிற மதுக்கடைக் காட்சியைத் திரும்பப் பாருங்க. மரீன்கள் சண்டை போட்ட ஊர்களை ஒவ்வொண்ணா மனப்பாடமா ஒப்பிக்கிறான். பிறந்ததிலிருந்து அவனுக்கு ஊட்டின சோறே அதுதான். எங்க அண்ணன் ஆள்சேர்ப்பு முகாமில் காது சரியில்லைன்னு திரும்பினவர். ஒரு வாரம் வீட்டுக்கே வரல, நண்பர் அறையில கிடந்தார். போகமுடியாம போனவனோட அவமானத்தை இந்த அளவுக்குக் காட்டின வேற படம் நான் பார்த்ததில்ல.

பழையரீல்:
உங்க அண்ணன் வலி புரியுது. ஆனா நிஜமாவே திரும்பி வந்த அந்த ஆறு பேர்? அவங்க கதை எங்க? 1946-இல் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' வந்தது. ரெண்டு கையையும் இழந்த ஹெரால்ட் ரசல் அதே கொக்கிக் கைகளோட நடிச்சார். அதுதான் திரும்பி வந்தவனைப் பத்தின படம்.

தஞ்சைக்காரி:
அது போர் முடிஞ்சப்புறம் வந்தது. இது போர் உச்சத்துல இருந்தப்ப வந்தது. நீங்க குறைன்னு சொல்றதுதான் படத்தோட உயிர். குவாடல்கனால் பார்த்த ஆறு பேர் பக்கத்துலேயே நிக்கிறாங்க. ஊர் யார் பின்னால ஓடுது? போகாதவன் பின்னால. அம்மாவோட வீட்டுக் கடனை அடைச்சு, பத்திரத்தைச் சர்ச்சுலயே கொளுத்துறாங்க, அதுவும் அவன் முகத்துக்காக. அந்த ஆறு பேர்ல பக்ஸின்னு ஒருத்தன், தாயில்லாதவன். அம்மாவைப் பார்க்காம இருக்கியேன்னு உட்ரோகிட்ட கோபப்பட்டு, போய் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்றவனே அவன்தான். திரும்பி வர வீடு இல்லாத சிப்பாய் அவன். இதுக்கு மேல என்ன கதை வேணும்?

பழையரீல்:
பக்ஸி விஷயத்துல உங்க பக்கம் வர்றேன். மன்னிப்புல வரமாட்டேன். அவன் உண்மையை ஒத்துக்கிற அந்தப் பேச்சு அருமை, அதோட நிறுத்தியிருக்கணும். ஊரை விட்டுப் போக அவன் நிக்கிற ரயிலடிக்கு ஊரே திரண்டு வரும்போது அடிக்கத்தான் வர்றாங்கன்னு தோணுது. அந்தப் பயத்தை அப்படியே விட்டிருந்தா நான் கைதட்டியிருப்பேன்.

தஞ்சைக்காரி:
அந்த ரயிலடியைத்தான் நானும் சொல்றேன். உட்ரோ அம்மாவோட ஊர்லயே தங்கிடுறான். ரயில் அந்த ஆறு பேரை மட்டும் ஏத்திக்கிட்டுக் கிளம்புது. 1944-இல் அந்த ரயில் அவங்களை எங்க கொண்டுபோய் விட்டிருக்கும்?