டெமாஷியின் படங்கள்: ஓவியமா, ஒளிப்படமா?

கேள்வி

வணக்கம். பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய ஒளிப்பட வரலாற்று நூலில் ராபர்ட் டெமாஷி என்ற பிரெஞ்சுக்காரரின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாலே நடனப் பெண்ணொருத்தியின் படம் அது. அவளுடைய முகமும் தோளும் ஒளிப்படத்துக்கே உரிய துல்லியத்தோடு தெரிகின்றன. ஆனால் பாவாடையின் விளிம்பைத் தாண்டியதும் பின்னணி முழுவதும் தூரிகையால் இழுத்துவிட்டதைப் போன்ற கீற்றுகள்தாம். அச்சிட்ட படத்தின் மீது அவர் வண்ணம் தீட்டினாரா?

அவர் 1859இல் பிறந்தவர், வங்கி நடத்திய செல்வந்தக் குடும்பத்தவர், 1914இல் திடீரென ஒளிப்படம் எடுப்பதை நிறுத்திவிட்டார், 1936இல் இறந்தார் என்ற அளவோடு நூல் முடித்துக்கொண்டு, ஸ்டீக்லிட்ஸ், ஸ்டைகன் என்று அமெரிக்கர்கள் பக்கம் போய்விடுகிறது. அவரைப் போல வேலை செய்த, அதிகம் பேசப்படாத வேறு கலைஞர்கள் யார் என்பதையும், ஓவியத்தைப் போலச் செய்ததால்தான் இவர்கள் ஒதுக்கப்பட்டார்களா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் மகிழ்வேன்.

மறுமொழி 1

நீங்கள் பார்த்த கீற்றுகள் வண்ணத்தைச் சேர்த்ததால் வந்தவை அல்ல, நீக்கியதால் வந்தவை. டெமாஷி பயன்படுத்தியது பிசின் அச்சு முறை. ஆங்கில வழக்கில் கம் பிரிண்ட் என்பார்கள். நான் சில ஆண்டுகளாக இதை வீட்டு மொட்டை மாடியில் செய்து பார்த்து வருகிறேன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வேலம்பிசினைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, அதனுடன் நீர்வண்ணத்தையும் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலையும் கலந்து, தடித்த ஓவியத்தாளில் தட்டைத் தூரிகையால் மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். பூச்சு காய்ந்ததும், நமக்கு வேண்டிய படத்தின் அளவிலேயே உள்ள நெகட்டிவை அதன் மீது வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், ஒளி பட்ட இடங்களில் பிசின் இறுகித் தண்ணீரில் கரையாத தன்மையை அடைகிறது. பிறகு தாளைத் தண்ணீரில் கவிழ்த்து மிதக்கவிட்டால், ஒளி படாத இடத்துப் பிசின் வண்ணத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு மெல்லக் கீழிறங்கும். அந்த நேரத்தில் பூச்சு பாலாடை போல இருக்கும். விரல் நுனி பட்டால்கூடத் தடம் விழும். டெமாஷி தூரிகையோடு உள்ளே நுழைவது இந்தக் கட்டத்தில்தான். முகத்தைத் தண்ணீரின் போக்குக்கு விட்டுவிட்டு, பின்னணியை மட்டும் தூரிகையால் வருடி எடுத்துவிடுவார்.

முறை அவருடைய கண்டுபிடிப்பு அன்று. டைகுரோமேட்டுக்கு ஒளியுணர்வு உண்டு என்பதை மங்கோ பான்டன் 1839இலேயே கண்டறிந்தார். 1850களில் பிரான்சில் புவாத்வேனும் இங்கிலாந்தில் பவுன்சியும் அதை அச்சு முறையாக வளர்த்தனர். பல ஆண்டுகள் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்ததை 1890களில் மீட்டு, கலைஞர்களின் கைக்குக் கொண்டுவந்தவர்களில் டெமாஷி முதன்மையானவர்.

ஒன்றை அனுபவத்தில் கற்றேன். ஐப்பசி மழை நாளொன்றில் இரவு பூசிய தாளை மறுநாள் வெயில் வந்த பிறகு பயன்படுத்தலாம் என்று இருட்டறையில் வைத்தேன். காலையில் வெயில் காட்டித் தண்ணீரில் போட்டால், ஒரு மணி நேரம் கிடந்தும் துளி வண்ணம் கழன்று வரவில்லை. தாள் முழுவதும் ஒரே கபில நிறம். வெக்கையும் ஈரமும் சேர்ந்த காற்றில் டைகுரோமேட் கலந்த பிசின் இருட்டிலேயே தானாக இறுகிவிடும் என்பது அன்றுதான் புரிந்தது. நம் ஊரில் பூசிக் காய்ந்த கையோடு அச்சிட்டுவிட வேண்டும். டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நஞ்சு என்பதால் கையுறை இல்லாமல் யாரும் தொட வேண்டாம்; சமையலறைப் பாத்திரங்களின் அருகிலும் கொண்டுபோக வேண்டாம்.

மறுமொழி 2

மேலே எழுதிய நண்பர் செய்முறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் மூன்று ஆஸ்திரியக் கலைஞர்களைச் சொல்கிறேன்: ஹைன்ரிஷ் கியூன், ஹூகோ ஹென்னபெர்க், ஹான்ஸ் வாட்செக். மூவிலைக் கொத்தைத் தங்கள் அடையாளமாகக் கொண்டு ஒரு குழுவாக இயங்கினார்கள். ஒரே தாளில் பிசினைப் பலமுறை பூசி, ஒவ்வொரு முறையும் வெயில் காட்டிக் கழுவி, ஆழமான நிழல்களையும் பல வண்ணங்களையும் கொண்டுவரும் வழியை இவர்கள் வளர்த்தெடுத்தார்கள். 1902இல் வியன்னாவில், பழைய மரபுக் கலைச் சங்கத்திலிருந்து பிரிந்து வந்த செசெஷன் ஓவியர்கள் தங்கள் கண்காட்சியில் இவர்களுடைய அச்சுகளுக்கு இடம் கொடுத்தார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஓவியர் கிளிம்ட்டைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய அமைப்பு அது. அந்தக் கிளிம்ட் ஹென்னபெர்க்கின் மனைவி மரீயின் உருவத்தை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். வாட்செக் 1903இல் இறந்தார். ஹென்னபெர்க் ஒளிப்படத்தை விட்டு, செதுக்கி அச்சிடும் அச்சோவியத்துக்கு மாறினார். கியூன் மட்டும் 1944இல் இறக்கும்வரை ஒளிப்படத்தைக் கைவிடவில்லை.

மறுமொழி 3

ஓவியத்தைப் போலச் செய்ததால் ஒதுக்கப்பட்டார்கள் என்பது பாதி உண்மைதான். முதல் உலகப் போருக்குப் பிறகு, கூர்மையே ஒளிப்படத்தின் இயல்பு என்ற எண்ணம் வலுத்தது. இவர்களுடைய மங்கலான படங்கள் பழைய காலத்துப் பகட்டாகப் பார்க்கப்பட்டன. ஆனால் அச்சின் தன்மையும் ஒரு காரணம். தூரிகை பட்ட பிசின் அச்சை அப்படியே மறுபடி செய்ய முடியாது. ஒரே நெகட்டிவிலிருந்து வரும் இரண்டு அச்சுகள் இரண்டு வேறு படங்களாகவே இருக்கும். நூல்களில் வரும் சிறிய கறுப்பு வெள்ளைப் பதிப்பில் தாளின் சொரசொரப்பும் வண்ணத்தின் கனமும் காணாமல் போகின்றன.

பெல்ஜியத்தின் லெயோனார் மிசோனையும் பாருங்கள். சுரங்கப் பொறியியல் படித்துவிட்டு அந்தத் தொழிலுக்கே போகாதவர். மழை ஓய்ந்த சாலையையும் பனிமூட்டத்தில் வரும் மாட்டு மந்தையையும் ஒளிக்கு எதிர்முகமாக நின்று எடுப்பார். 1943இல் இறக்கும்வரை காலத்தின் மாற்றம் அவரைத் தொடவே இல்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கியூனின் படங்களைத் தேடியபோது, இன்று எடுத்ததைப் போன்ற வண்ணப் படங்கள் சில வந்தன. மலைச்சரிவில் குழந்தைகள், வெள்ளையும் நீலமுமாக உடைகள். இவையும் பிசின் அச்சுகள்தாமா?

மறுமொழி 2 எழுதியவர்

இல்லை, அவை ஆட்டோகுரோம் கண்ணாடித் தகடுகள். லூமியேர் சகோதரர்கள் 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருளைக்கிழங்கு மாவின் நுண்துகள்களைச் செம்மஞ்சள், பச்சை, ஊதா நிறங்களில் சாயமேற்றிக் கண்ணாடியில் பரப்பி, துகள்களின் இடைவெளிகளைக் கரித்தூளால் அடைத்து, அதன் மீது ஒளியுணர் பூச்சைத் தடவியிருப்பார்கள். அந்த ஆண்டே கியூனும் ஸ்டீக்லிட்ஸும் ஸ்டைகனும் பிராங்க் யூஜினும் பவேரியாவின் டுட்சிங் என்ற ஊரில் கூடிப் புதிய தகடுகளைச் சோதித்துப் பார்த்தனர்.

நீங்கள் பார்த்த குழந்தைகள் பெரும்பாலும் கியூனின் பிள்ளைகள். உடன் இருக்கும் இளம்பெண் அவர்களை வளர்த்த மேரி வார்னர். தகட்டில் எந்த நிறம் எப்படி விழும் என்று கணக்கிட்டே கியூன் அவர்களுக்கு உடை அணிவித்தார். வெளிச்சம் நிறையத் தேவைப்பட்டு, படம் பதிய நேரம் பிடித்ததால் பிள்ளைகள் அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. இணையத்தில் தெளிவான பிரதி கிடைத்தால், வெள்ளை உடையின் நிழல் விழுந்த பகுதியை முடிந்த அளவு பெரிதாக்கிப் பாருங்கள். அந்த மாவுத் துகள்கள் மூன்று நிறப் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும்.